ஏழூர் வலத்திலிருந்து மரபு நடை வரை: காவிரிப் படுகையில் நடந்து கற்கும் வழக்கம்

மலை நாட்டில் மாணவரை ஒரு முகட்டில் ஏற்றி நிறுத்தினால் நிலத்தின் அமைப்பை ஒரே பார்வையில் காட்டிவிடலாம். பாலைநிலத்திலும் பாறை அடுக்குகள் வெயிலில் திறந்தே கிடக்கும். தஞ்சை மண்ணில் இரண்டுக்கும் வழியில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், நடுவே தென்னை, எங்கோ ஒரு கோபுரம். இந்தச் சமவெளியை ஆறு ஆறாகக் கடந்துதான் அறிய முடியும். அப்படிக் கடக்கும் பழக்கம் இங்கே பள்ளிக்கூடங்களுக்கு முந்தியது.

சித்திரை விசாகத்தையொட்டித் திருவையாற்றில் நடக்கும் ஏழூர்ப் பல்லக்கு அதற்குத் தெளிவான சான்று. அவ்வூர்க் கோயிலின் இறைவன் ஐயாறப்பர் புறப்பட்டு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்னும் திருநெய்த்தானம் ஆகிய ஊர்களை வலம் வந்து மறுநாள் திரும்புகிறார். நந்தியின் திருமணத்துக்கு இந்த ஊர்கள் பழமும் சோறும் பூவும் நெய்யும் அனுப்பின என்பது தல புராணம். புராணத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் வழித்தடம் ஒரு பாடமாகவே இருக்கிறது. திருப்பழனம் காவிரியின் வடகரையில் உள்ளது. அடுத்த ஊருக்குப் போகக் காவிரியையும் குடமுருட்டியையும் தாண்ட வேண்டும். சித்திரையில் அறுவடை முடிந்திருக்கும், ஆறு வற்றியிருக்கும். பல்லக்கைச் சுமப்பவர்கள் மணலில் கால் புதையப் புதைய இறங்கி ஏறுவார்கள். கூடவே நடக்கும் சிறுவனுக்கு எந்தக் கரை உயரம், எந்த ஊர் மேடு, எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

இந்த வழக்கத்தில் முதல் மாற்றம் அரசியலால் வந்தது. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். ஏப்ரல் 28-இல் போய்ச் சேர்ந்தார்கள். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அவர்களுக்கு இடமோ உணவோ தருவதைத் தடை செய்திருந்தார். தடையை மீறி ஊர்கள் சோறு போட்டன. அது உப்புக்கான நடை என்று மட்டும் படித்துவிட்டு நகர்வது வழக்கம். தங்கிய ஊர்களில் தெருக் கூட்டியதும், கதர் பற்றியும் தீண்டாமை பற்றியும் பேசியதும் அதே அளவு முக்கியம் என்பது என் எண்ணம். வழியில் நின்று, நின்ற இடத்தைக் கொண்டே பாடம் சொல்லும் முறை இங்கே பொதுவாழ்வுக்குள் வந்தது.

இரண்டாவது மாற்றம் கல்வெட்டால் ஏற்பட்டது; பழைய வரலாற்றைத் தேடிப் போகும் நோக்கம் நடையில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்பது பற்றி 19-ஆம் நூற்றாண்டில் பல கதைகள் உலவின. அங்குள்ள கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் படித்து வெளியிட்ட பிறகே முதலாம் ராஜராஜனின் பெயர் உறுதியானது. 1931-இல் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களைக் கோடியக்கரை வரை இழுத்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யை இந்த வரிசையில் சேர்க்க ஆசைதான், பெயரில் நடை இருந்தாலும் அவர்கள் பெரும்பாலும் வண்டியில் போனவர்கள்.

1987-இல் யுனெஸ்கோ பெரிய கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. இப்போது உலக மரபு வாரமான நவம்பர் 19 முதல் 25 வரை பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து ‘மரபு நடை’ நடத்துகிறார்கள். நல்ல வழிகாட்டி என்றால் விமானத்தின் அடித்தளத்தருகே பிள்ளைகளை உட்காரவைத்து, தானும் அக்காளும் தேவியரும் மற்றவரும் கொடுத்த கொடைகளைக் கல்லில் வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்ட வரிகளை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வார். மற்றவர்கள் விமான நிழல் தரையில் விழாது என்பார்கள். நிழல் விழுகிறது, மாலையில் போய் யாரும் பார்க்கலாம். உச்சிக் கல் ஒற்றைக் கல் என்பதும் அதே ரகம். அது பல கற்களை இணைத்துச் செய்தது.

இயற்கை நடைக்கு வேதாரண்யம் பக்கம் தனி வரலாறு உண்டு. 1967-இல் கோடியக்கரை வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பூநாரையையும் வெளிமானையும் பார்க்க வருபவர்கள் அங்குள்ள ராமர் பாதம் மேட்டிலும் ஏறுகிறார்கள். சில மீட்டர் உயரம்தான், ஆனால் சுற்றுவட்டாரத்தில் அதுதான் ‘மலை’. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது.

இந்த வளர்ச்சியில் ஒரு குறை கண்ணில் படுகிறது. கோயில் நடை மதிலுக்குள் முடிகிறது, பறவை நடை சதுப்பில் முடிகிறது. இரண்டையும் உண்டாக்கிய தண்ணீர் பாடத்தில் இல்லை. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிவதை நேரில் நின்று பார்க்காத தஞ்சை மாணவர்கள் ஏராளம். தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சுமார் 13 கி.மீ. சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. பேருந்தில் போனால் ஐந்து பாலங்கள், அவ்வளவுதான். நடந்துபோய் ஒவ்வொரு மதகிலும் நின்றால் ஒருநாள் பாடம். மேட்டூர் அணை திறந்த பிறகு ஒருமுறையும் சித்திரை மணலில் ஒருமுறையும் பிள்ளைகளை இந்தச் சாலையில் நடத்திச் செல்ல மாவட்டக் கல்வித்துறை முன்வர வேண்டும். பெரிய செலவு எதுவும் ஆகாது.