வயலுக்கு எரு, கற்றாழைக்குப் பொட்டல்

வாசலில் தலைகீழாய்த் தொங்கும் கற்றாழையைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இல்லை. கண்ணேறு படாமலிருக்கக் கட்டியது. வேர் காய்ந்து சுருண்டுவிடும். இலையோ நுனியை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு மாதக்கணக்கில் பச்சை மாறாமல் நிற்கும். மற்றச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைத்துத் தண்ணீரை இழக்கின்றன. கற்றாழை பொழுது சாய்ந்த பிறகே திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமில வாயுவை அமிலமாக்கிச் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிக்கிறது.

மண்ணில்லாமலே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் செடிக்கு எந்த மண், எந்த உரம் என்று கேட்பது வேடிக்கையாகத்தான் படும். அந்தக் கேள்வி நம் ஊர்களுக்கு வந்து அதிக காலமும் ஆகவில்லை.

தென்காசி மாவட்டத்து அச்சன்புதூரை எடுத்துக்கொள்வோம். மேற்கே மலை. மேக்கரையில் 132 அடி உயர அடவிநயினார் அணை, அதன் கீழே அனுமன் நதி. சூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. ஒன்றுக்குக் கார் நெல், மற்றதற்குப் பிசானம். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போக ஈரம் வடிந்து, மண் கருத்து, மானாவாரிக் காடு தொடங்கிவிடும். 2019 நவம்பரில் பிறந்த அந்த மாவட்டத்துக்குள் இந்த இரண்டு உலகமும் அடங்குகின்றன.

இங்கே மண்ணுக்குப் பெயர் வைத்தவர்கள் உழுதவர்கள். 1917இல் எச். ஆர். பேட் எழுதிய திருநெல்வேலி மாவட்ட விவரச் சுவடி அந்தப் பெயர்களையே எடுத்தாள்கிறது: வண்டல், கரிசல், செவ்வல், வெப்பல், பொட்டல், தேரி. பெயரைச் சொன்னாலே அதில் என்ன விளையும் என்பது பாதி தெரிந்துவிடும். வண்டலில் நெல், கரிசலில் பருத்தி. கற்றாழை கிடந்தது பொட்டலிலும் வேலி ஓரத்திலும். யாரும் நட்டதாகக் கணக்கில்லை, எரு போட்டதாகவும் இல்லை.

எரு முழுவதும் நெல்லுக்குப் போயிற்று. மலையடிவாரத்து ஊர்களில் தழை வெட்டி வந்து சேற்றில் மிதித்தார்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு காட்டுத் தழைக்கும் அனுமதி, கட்டணம் என்றாகிவிட, வயலிலேயே முளைக்கும் கொழிஞ்சிக்கு மதிப்புக் கூடியது. கோடையில் குளம் வற்றியதும் வண்டலை வெட்டி வண்டி வண்டியாக அடித்தார்கள். அறுப்பு முடிந்த தாளில் கிடை மறித்தார்கள்: கீதாரியின் ஆடுகள் இரவெல்லாம் ஒரே வயலில் அடைந்து கிடக்கும், புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே இறங்கும், மறுநாள் பட்டி அடுத்த வயலுக்கு நகரும். சாணிக் குப்பையைத் தூக்கிச் சுமக்கிற வேலையை ஆடுகளே தங்கள் வயிற்றில் வைத்துச் செய்து முடித்தன. இதைவிடச் சிக்கனமான உரப் போக்குவரத்தை எந்தப் பொறியாளரும் வகுத்ததில்லை.

அரசும் ஆலையும் அதே தடத்தில்தான் நடந்தன. கரிசலுக்காகக் கோவில்பட்டியில் 1901இல் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. நெல்லுக்கு அம்பாசமுத்திரத்தில் 1937இல். ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் 1906இல் சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கியது; இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலை அதுவே. 1975இல் தூத்துக்குடி ஸ்பிக் ஆலை ஓடத் தொடங்கியபோது யூரியா மூட்டை நெல்லைச் சீமைக்குப் பக்கத்து வீட்டுச் சரக்காயிற்று. பொட்டலுக்கென்று யாரும் பண்ணை வைக்கவில்லை.

வைக்காததில் குறையும் இல்லை. அந்தக் காலத்தில் கற்றாழையிடம் உலகம் கேட்டது வேறொன்றை. தோலுக்கு அடியில் ஊறும் மஞ்சள் பாலை வடித்துக் காய்ச்சிக் கட்டியாக்கினால் மூசாம்பரம்; கரியபோளம் என்றும் சொல்வார்கள். கடுங்கசப்பு, நல்ல பேதி மருந்து. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், அரபுக் கரையின் கானே துறைமுகத்திலிருந்து சாம்பிராணி வகையோடு இதுவும் ஏற்றுமதியானதைக் குறிக்கிறது. பிற்காலத்தில் பெயர்பெற்ற இடங்கள் சொக்கோத்ரா தீவு, கரீபியக் கடலின் பார்படோஸ், குராசோ, நம் குஜராத்தின் ஜாஃபராபாத். சொக்கோத்ராவினது வேறு இனக் கற்றாழை. பார்படோஸைத் தவிர மற்றவை எல்லாம் காய்ந்த பூமி. மழை பெய்யும் பார்படோஸிலும் அடியில் பவளச் சுண்ணாம்புக் கல், விழுந்த நீர் நிற்காமல் இறங்கிவிடும். கசப்பு ஏற வேண்டுமானால் செடி கொஞ்சம் வருந்த வேண்டும் என்பது கைப்பழக்கத்தில் வந்த அறிவு.

செடிக்கு இன்றுள்ள அறிவியல் பெயரும் இந்தியாவைத் தொட்டே நிலைத்தது. 1768 ஏப்ரலில் டச்சுக்காரர் பர்மன் தம் ‘ஃப்ளோரா இண்டிகா’வில் அலோ வெரா என்று எழுதினார், சில நாள் கழித்து இங்கிலாந்தின் மில்லர் அலோ பார்படென்சிஸ் என்றார். முந்தினவருக்கே பெயர் நின்றது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்துக்கு வந்தபோது ஈரத்தைப் பார்த்து ஜாதிக்காயும் கிராம்பும் வைத்தார்கள். நெல்லைச் சீமையின் வறண்ட நிலத்தில் அவர்கள் காலத்தில் ஏற்றுமதிப் பயிராக வளர்ந்தது நிலாவாரை. அதுவும் பேதி மருந்துதான். அதுவும் மானாவாரிக் காட்டுப் பயிர்தான். ‘டின்னவெலி சென்னா’ என்று ஊர்ப்பெயரோடு அது சீமைக்குப் போயிற்று. கற்றாழை வேலியிலேயே இருந்துவிட்டது.

கேள்வி மாறியது இருபதாம் நூற்றாண்டில். 1935இல் காலின்ஸ் என்ற பெயருள்ள இரு அமெரிக்க மருத்துவர்கள், எக்ஸ்ரே பட்ட புண் கற்றாழையால் ஆறியதை எழுதினார்கள். மெல்ல மெல்ல மஞ்சள் பால் பின்னுக்குப் போய், உள்ளே இருக்கும் சோறு சரக்காகிவிட்டது. சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீரை விற்க வேண்டுமென்றால் இலை பருக்க வேண்டும், எடை வேண்டும். வருந்திய செடி போதாது. உரக் கேள்வி அங்கேதான் முளைத்தது.

2000 நவம்பரில் தேசிய மூலிகைத் தாவர வாரியம் அமைந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கற்றாழைக் கன்று விற்பனை சூடுபிடித்தது. இலையைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்கை நம்பிக் கன்றுக்குப் பணம் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. வெட்டிய இலையின் சோறு சீக்கிரம் நிறம் மாறிக் கெடும். பக்கத்தில் ஆலை இல்லையென்றால் தண்ணீரை லாரியில் ஏற்றித் தூரம் கொண்டுபோகும் செலவுதான் மிச்சம்.

தோட்டத்திலும் ஒரு தவறு நடக்கக்கூடியது: நெல்லுக்குச் செய்து பழகிய கை கற்றாழைக்கும் அதையே செய்துவிடும். களிமண் வயலில் நீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டும். மழைக்காலத்தில் நுண்ணுயிர் புகுந்து இலையடி கூழாகிச் சரியும். தழைச்சத்து இல்லாமல் இலை பருக்காது என்பது மெய். மூட்டையைக் கவிழ்த்தால் இலை நீர்த்துத் தொளதொளத்து, அழுகலுக்கு எளிதில் இடம்கொடுக்கும். மணல் கலந்த செவ்வல், உழவோடு அடியுரமாக மட்கிய தொழு உரம், மேட்டுப் பார், மழைக்கு முன் வெட்டிய வடிகால் என்றால் செடி குறை சொல்வதில்லை. அச்சன்புதூர் போன்ற இடத்தில் இதற்கு வயலைவிட்டு மேலேறி, குளத்து நீர் எட்டாத மேட்டைத்தான் தேட வேண்டியிருக்கும். சாரலும் பிசான மழையும் இரண்டு தடவை நனைக்கிற ஊரில் வடிகால்தான் முதல் உரம்.

வீட்டு வழக்கம் மட்டும் மாறவில்லை. தோலைச் சீவி, சோற்றை எடுத்து, ஏழு தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்வார்கள், கசப்புப் போக. அடுக்களைச் சாக்கடையில் ஓடும் அந்த மஞ்சள் நீரில்தான் அரபுக் கரையில் கப்பலேறிய பழைய சரக்கு இருக்கிறது.