ஜாக்கி ராபின்சன்: அடைத்த கதவும் திறந்த களமும்

கல்வியாலும் உழைப்பாலும் உயர முனையும் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறுகளுள் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் வரலாறும் ஒன்றாகும். அவர் ஆடிய பேஸ்பால் நம் ஊர்களில் பரவலாக ஆடப்படுவதில்லை. ஆயினும் அவர் எதிர்கொண்ட தடைகள் நமக்குப் புதியனவல்ல.

1919 ஜனவரி 31ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்துக் கைரோ என்னும் ஊரில், வாரத்துக்கு நிலம் உழுத ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் மாலி அம்மையார் 1920இல் ஐந்து குழந்தைகளுடன் கலிபோர்னியாவின் பாசடீனா நகருக்குக் குடிபெயர்ந்து, பிறர் இல்லங்களில் வேலை செய்து அவர்களை வளர்த்தார். அந்நகரின் பொது நீச்சல் குளத்தில் வெள்ளையரல்லாதார் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே இறங்கலாம். 1927இல் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீருக்காக நடத்திய போரை அறிந்த நமக்கு, இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஜாக்கியின் அண்ணன் மாக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். ஊர் திரும்பிய அவருக்குக் கிடைத்தது தெருக்கூட்டும் வேலையே.

லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் சிறந்து விளங்கிய ஜாக்கி, பட்டம் பெறாமலே 1941இல் வெளியேறினார். பின்னர் இராணுவத்தில் அதிகாரியானார். 1944இல் பேருந்தின் பின்பகுதிக்குப் போக மறுத்ததன் தொடர்ச்சியாக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுதலை பெற்றார்.

அக்காலத்தில் பேஸ்பாலின் தலையாய போட்டிகளான மேஜர் லீக்கில் கறுப்பருக்கு இடமில்லை. 1884க்குப் பின் எவரும் சேர்க்கப்படவில்லை. சட்டம் எதுவும் எழுதப்படவில்லை. உரிமையாளர்களின் எழுதாத உடன்பாடே கதவை அடைத்து வைத்திருந்தது. கறுப்பர்கள் தமக்கென நீக்ரோ லீக் குழுக்களை அமைத்து ஆடினர். திறமை இருந்தது, வாய்ப்புத்தான் மறுக்கப்பட்டது. 1945இல் அத்தகைய குழுவொன்றில் ஆடிய ஜாக்கியை, புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி தேர்ந்தெடுத்தார். இழிசொல் கேட்டாலும் திருப்பித் தாக்காதிருக்கும் துணிவு வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தன்மானம் மிக்க ஜாக்கி, பின்வருவோரை எண்ணி அதனை ஏற்றார்.

1947 ஏப்ரல் 15ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற அதே நியூயார்க் நகரில், ஜாக்கி களமிறங்கினார். எதிரணியினர் வசைமாரி பொழிந்தனர். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவருடன் ஆட மறுத்துச் சொந்தக் குழுவினர் சிலரே விண்ணப்பம் தயாரித்தனர். தென்மாநில வெள்ளையரான பீ வீ ரீஸ் அதில் கையொப்பமிட மறுத்தார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது ஜாக்கிக்கே கிடைத்தது.

பேஸ்பாலில் ஆட்டக்காரர் நான்கு தளங்களைச் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம். தளங்களையொட்டி நின்று காப்போரை உள்கள வீரர் என்பர். 1948 முதல் ஜாக்கி இரண்டாம் தளத்தைக் காத்தார். அருகில் நின்றவர் ரீஸ். ஆணி பதித்த காலணியுடன் எதிரி சறுக்கி வரும்போதும் அசையாது நின்று பந்தை வாங்கி எறிய வேண்டிய இடம் அது. 1949இல் வாய்ப்பூட்டு நீங்கியது. அவ்வாண்டே .342 என்ற சராசரியுடன் மட்டையடியில் முதலிடமும், 37 தளங்களைத் திருடி அதிலும் முதலிடமும், லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றார். 1955இல் அவரது குழு உலகத் தொடரை வென்றது. 1956 பருவத்தோடு ஓய்வு பெற்ற அவர், 1962இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

ஒருவர் நுழைந்துவிட்டதால் கதவு திறந்துவிட்டது என்று கூறுவோர் எங்கும் உண்டு. ஜாக்கி அவ்வாறு எண்ணவில்லை. எல்லாக் குழுக்களும் கறுப்பரைச் சேர்த்து முடிக்க 1959 வரை ஆயிற்று. 1972 அக்டோபரில் உலகத் தொடரின்போது அவருக்குப் பாராட்டு நடைபெற்றது. அம்மேடையிலேயே, கறுப்பர் ஒருவர் குழுவின் மேலாளராவதைக் காண விழைவதாக அவர் கூறினார். ஒன்பது நாட்களில், அக்டோபர் 24ஆம் நாள், 53ஆம் வயதில் மறைந்தார். முதல் கறுப்பின மேலாளராக பிராங்க் ராபின்சன் பொறுப்பேற்றது 1975இல்தான். களத்தில் நுழைந்தவர்கள் தலைமைப் பொறுப்பை எட்ட 28 ஆண்டுகள் கடந்தன.

1997இல் அவரது 42ஆம் எண் அனைத்துக் குழுக்களிலும் அவர் நினைவாக ஒதுக்கி வைக்கப்பட்டது. ஆனால் அதனினும் பெரிய நினைவுச் சின்னம் ஒன்றுண்டு. 1973இல் அவர் துணைவியார் ரேச்சல் அம்மையார் ஓர் அறக்கட்டளை நிறுவி, மாணவர்கள் உயர்கல்வி பெற உதவித்தொகை வழங்கத் தொடங்கினார். பட்டம் பெறாது வெளியேறியவரின் பெயரால் பலர் பட்டம் பெற்றனர். நம் சங்கத்தின் கைதாங்கிப் படித்து உயரும் ஒவ்வொருவரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். நாம் நுழைந்த கதவை நமக்குப் பின் வருவோருக்காகத் திறந்து வைத்திருப்பதே நம் கடமையாகும்.