பள்ளம் பிறந்த கதை

கல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. 1690களில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை. அதன்மேல் பதித்த கருங்கல்லை இருநூறு ஆண்டுகளாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்தார். அது வங்காளத்துக் கல்லே இல்லை. சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் பாறை! சார்னாக்கின் நினைவாக அதற்கு 'சார்னோகைட்' என்று பெயர் சூட்டினார். பெயர் உலகப் பாடநூல்களில் ஏறியது. பாறைக்குத்தான் அதன்பின் நிம்மதி இல்லாமல் போனது.

சென்னை வளர வளர ஜல்லி தேவைப்பட்டது. வீட்டுக்கு, பாலத்துக்கு, சாலைக்கு என்று எல்லாவற்றுக்கும் ஜல்லி. பல்லாவரத்துக்கு மேற்கே திருமுடிவாக்கம், எருமையூர், சிக்கராயபுரம் வட்டாரத்தில் பாறையைத் துளைத்து வெடி வைத்தார்கள். கிரஷர்கள் இரைந்தன, லாரிகள் வரிசைகட்டின. மேல்பாறை தீர்ந்ததும் தரைக்குக் கீழே இறங்கினார்கள். ஒரு கட்டத்தில் பாறை வெடிப்புகளிலிருந்து ஊற்று கசியத் தொடங்கியது. கல்லுடைக்க வந்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் பெருந்தொல்லை. மோட்டார் வைத்து இறைத்து வெளியே கொட்டினார்கள்.

உலகின் மறுகோடியிலோ, 1968-ல், இன்னொரு ஊர் தாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இன்றைய நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக். ஆண்டு மழை சுமார் 360 மில்லிமீட்டர். வற்றாத ஆறு பக்கத்தில் கிடையாது. அந்த ஊர், கழிவுநீரைச் சுத்திகரித்து நேராகக் குடிநீர்க் குழாயில் விட்டது. உலகில் அப்படித் துணிந்த முதல் நகரம் அதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னைக்கும் அப்படியொரு தாகம் வரும் என்று அன்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

குவாரிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. சிக்கராயபுரத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளங்கள். மழை அவற்றை நிரப்பியது. குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பாத கொடுமையும் நடந்தது. பெற்றோர் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று கண்டித்தார்கள். நகரத்துக்கு அவை ஆபத்தான குழிகள், அவ்வளவுதான்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது, சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டே எல்லாம் தலைகீழ். 2016-ன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டன. 2017-ல் குடிநீர் வாரியப் பொறியாளர்கள் கண்ணில் பட்டது, யாரும் தண்ணீராக எண்ணியிராத தண்ணீர்.

வெடிமருந்து புழங்கிய குழித் தண்ணீரைக் குடிக்கலாமா? மாதிரிகள் ஆய்வகம் போயின. குடிக்க உகந்ததாக்கலாம் என்று முடிவு வந்தது. யோசித்தால் காரணமும் புரிகிறது. ஏரி அகலமானது, ஆழம் குறைந்தது. வெயில் அதை எளிதில் உறிஞ்சிவிடும். குவாரியோ குறுகலானது, ஆழமானது, ஆவியாவது குறைவு. பக்கமெல்லாம் கெட்டிப் பாறை என்பதால் வண்டலும் அதிகம் கலக்காது. குழாய் போட்டு, தண்ணீரைச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றினார்கள். நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர்.

இன்று திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையைக் கடந்து போகிறவர்களுக்கு வேலிக்கப்பால் தெரியும் அந்தக் கரும்பச்சைப் பள்ளங்கள் பழகிப்போன காட்சி. சென்னைக் குடங்களில் விழுந்த தண்ணீரின் ஒரு பங்கு அப்படிப்பட்ட பள்ளங்களிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் வருத்தம். தெரிந்திருந்தால் குப்பை வண்டிகளை அவற்றின் விளிம்புக்கு நெருங்க விடுவார்களா?

2019-ல் மீண்டும் பஞ்சம். மறுபடி குவாரிகளை நாடினார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது நாடே பார்த்தது. அந்த ரயில் சுமந்து வந்தது 25 லட்சம் லிட்டர். 2017-ல் சிக்கராயபுரம் பள்ளங்கள் சத்தமில்லாமல் ஒரே நாளில் கொடுத்தது, அப்படிப்பட்ட பன்னிரண்டு ரயில்களின் தண்ணீர்.