பர்ஸ் வந்துச்சு, குடை வரலை

ஆன்சைட் போன புதுசு. டோக்கியோவில் யமனோத்தே லைன் ரயிலில் தூங்கி வழிஞ்சுக்கிட்டே வந்தவன், ஸ்டேஷன் வந்ததும் அடிச்சுப் பிடிச்சு இறங்கினேன். கதவு மூடி ரயில் கிளம்பின பிறகுதான் தோள் லேசா இருக்கேன்னு உறைச்சுது. பை போச்சு. உள்ளே பர்ஸ், 23,000 யென், பாஸ்போர்ட், போன், அப்புறம் அம்மா ஊரிலிருந்து கிளம்பும்போது திணிச்ச குங்குமப் பொட்டலம். ஸ்டேஷனை விட்டு வெளியே வரக்கூட கார்டு இல்லை.

ஸ்டேஷன்காரர் எழுதிக்கிட்டார். பக்கத்துல இருந்த 'கோபன்'ல, அதாவது தெருமுனை போலீஸ் பூத்துலயும் சொல்லச் சொன்னார். அங்கே ஒரு இளவயசு போலீஸ்காரர் பையின் நிறம், ஜிப் எத்தனை, உள்ளே என்னென்ன என்று ஒவ்வொண்ணா கேட்டு எழுதினார். குங்குமத்தை எப்படிச் சொல்றது? "சிவப்புப் பவுடர்"னு சொல்லிட்டேன். பேனாவை நிறுத்திட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார் பாருங்க :-) நெத்தியைத் தொட்டு, கையைக் கூப்பி, சாமி எல்லாம் கும்பிட்டுக் காட்டின பிறகுதான் பேனா நகர்ந்தது. கடைசியில், வீட்டுக்குப் போகக் காசு இருக்கான்னு கேட்டார். இல்லைன்னதும் வண்டிச் சத்தத்துக்கு ஒரு சின்னத் தொகையைக் கடனா கொடுத்தார். அதுக்கும் ஒரு ஃபார்ம். பர்ஸைத் தொலைச்சவனுக்கு வழிச்செலவு கடன் கொடுக்கிறதுக்குன்னே அங்கே தனி ஏற்பாடு இருக்கு.

மூணாவது நாள் பை வந்துடுச்சு. ஒரு யென் குறையலை. எடுத்துக் கொடுத்தவர் பேர் சொல்ல விரும்பலையாம், வெகுமதியும் வேண்டாம்னுட்டாராம்.

மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னதும் எங்க டேமேஜர் சொன்ன பதில்: "ஜப்பான்காரன் ரத்தத்துலயே நேர்மை ஊறியிருக்குப்பா, நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் வராது." எனக்கு ரெண்டாவது பாதி உறுத்துச்சு. அப்புறம் யோசிச்சா முதல் பாதியும் உறுத்துச்சு. பொட்டி தட்டுறவனுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரு விஷயம் ஒழுங்கா ஓடுதுன்னா, அது சாமி செயல்னு விடமாட்டான், உள்ளே என்ன கோடு ஓடுதுன்னு பார்ப்பான். பார்த்தேன்.

இந்த 'ஜப்பான்ல எதுவும் தொலையாது'ங்கிற பேச்சை வெளிநாட்டுப் பயணிகள் நூத்தம்பது வருஷமா பேசிக்கிட்டு இருக்காங்க. 1878ல் இசபெல்லா பேர்ட் என்கிற பிரிட்டிஷ் அம்மணி, ஒரு இளவயசு மொழிபெயர்ப்பாளனை மட்டும் கூட்டிக்கிட்டு ஜப்பானின் வடக்குப் பகுதிகளில் குதிரையில் சுத்தினார். அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல வெள்ளைக்காரியைப் பார்த்தவங்களே கிடையாது. ஒருநாள் பயணம் முடிஞ்சு சாமான்களைச் சரிபார்க்கும்போது ஒரு தோல் வார் காணோம். இருட்டிப் போச்சு. குதிரைக்காரர் வந்த வழியே கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் திரும்ப நடந்து போய்த் தேடி எடுத்துட்டு வந்தார். அம்மணி காசு கொடுக்க, வாங்க மாட்டேன்னுட்டார். எல்லாத்தையும் பத்திரமா சேர்க்கிறது என் பொறுப்பு, அதுக்குத்தான் கூலின்னு பதில்.

அதே காலத்துல எட்வர்ட் மோர்ஸ் என்கிற அமெரிக்க விலங்கியல்காரர் டோக்கியோவில் பாடம் நடத்திக்கிட்டு இருந்தார். 1877ல் ரயில்ல போகும்போது ஜன்னல் வழியா ஓமோரி கிளிஞ்சல் மேட்டைக் கண்டுபிடிச்சாரே, அவரேதான். ஹிரோஷிமாவில் ஒரு விடுதியில் தங்கினவர், ஒரு வாரம் வெளியூர் போகணும், கடிகாரத்தையும் பணத்தையும் பத்திரமா வச்சிருங்கன்னார். விடுதிக்காரர் ஒரு தட்டைக் கொண்டு வந்து, அதுல எல்லாத்தையும் வைக்கச் சொல்லி, அந்தத் தட்டை அதே அறையில் பாய் மேலேயே வச்சுட்டுப் போயிட்டார். பூட்டு கிடையாது, கதவோ வெறும் காகிதத் தட்டி. ஒரு வாரம் கழிச்சு வந்து பார்த்தா தட்டு அப்படியே இருக்கு.

சரி, அப்போ டேமேஜர் சொன்னது ரைட்டுதானேன்னு தோணும். ஆனா அதே காலத்துல யோகோஹாமா துறைமுகத்து வெள்ளைக்கார வியாபாரிகளைக் கேட்டிருந்தா நேர்மாறா சொல்லியிருப்பாங்க. ஜப்பான் வியாபாரி சொன்ன சொல்லைக் காப்பாத்த மாட்டான், காட்டின சரக்கு ஒண்ணு அனுப்புற சரக்கு ஒண்ணு, நம்பணும்னா சீனாக்காரனைத்தான் நம்பணும். இதுதான் அங்கே பொதுப் பேச்சு. அவங்க கம்பெனிகளிலும் வங்கிகளிலும் கல்லாவில் உட்கார்ந்து பணத்தை எண்ணினது சீன ஊழியர்கள். இந்தக் கெட்ட பேர் எந்த அளவுக்குப் பரவிச்சுன்னா, 1900ல் 'புஷிடோ' எழுதின நிதோபே இனாசோ அந்தப் புத்தகத்துலயே இதுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. (வெள்ளைக்கார வியாபாரிங்க மட்டும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைங்களான்னு கேட்காதீங்க, அதுக்குத் தனிப் பதிவு போடணும்.)

ஒரே நாடு, ஒரே காலம், ஒரே ரத்தம். ஒரு பக்கம் தோல் வாருக்காக இருட்டுல நடக்கிறவர், இன்னொரு பக்கம் பட்டு நூல் மூட்டையில் ஏமாத்துறவர். பேர்ட் அம்மணி புத்தகத்துக்குள்ளயே இந்த ரெண்டும் இருக்கு. கூட வந்த பையன் இட்டோ கெட்டிக்காரன், ஆனா வாங்குற ஒவ்வொரு சாமான்லயும் கமிஷன் அடிக்கிறான்னு புலம்புவார். போதாக்குறைக்கு அவன் ஏற்கெனவே வேறொரு வெள்ளைக்காரரிடம் ஒப்புக்கிட்ட வேலையை, கூடுதல் சம்பளத்துக்காக அம்போன்னு விட்டுட்டு வந்தவன்.

குதிரைக்காரருக்கும் இட்டோவுக்கும் என்னதான் வித்தியாசம்? குதிரைக்காரர் பின்னால ஒரு ஆபீஸ் இருந்தது. அப்போ ஜப்பான்ல சாலைப் போக்குவரத்துக்குன்னு ஒரு கம்பெனி, தலைமையிடம் டோக்கியோவில், ஊருக்கு ஊர் கிளை, கட்டணம் நிர்ணயம், கொடுத்த காசுக்கு ரசீது. பேர்ட் அதைப் புகழ்ந்து தள்ளியிருக்கார். அந்த ஏற்பாட்டில் சாமான் குறைஞ்சா பதில் சொல்ல ஆள் உண்டு. இட்டோ தனி ஆள், கேட்க நாதியில்லை. குதிரைக்காரர் நல்லவர் இல்லைன்னு சொல்லலை. நல்லவரா இருக்க அவருக்கு ஒரு பாதை போட்டு வச்சிருந்தாங்கன்னு சொல்றேன்.

அந்தப் பாதை ரொம்பப் பழசு. எட்டாம் நூற்றாண்டிலேயே, சீனத்து தாங் வம்ச சட்டங்களைப் பார்த்து எழுதின யோரோ சட்டத் தொகுப்பில், கண்டெடுத்த பொருளைப் பக்கத்து அதிகாரியிடம் ஒப்படைக்கணும்னு இருக்கு. எனக்குப் பிடிச்சது எடோ காலத்து விதி. 1742ல் ஷோகுன் யோஷிமுனே காலத்தில் தொகுத்த சட்டத்தில், கண்டெடுத்த பொருளை மூணு நாள் ஊரறிய வைக்கணும். சொந்தக்காரர் வந்தா, பணமா இருந்தால் தொலைச்சவனுக்குப் பாதி எடுத்தவனுக்குப் பாதி. ஆறு மாசம் வரைக்கும் யாரும் வரலையா, எடுத்தவனுக்கே. பாதி! அப்புறம் எவன் ஒளிச்சு வைப்பான்?

அந்தக் காலத்து எடோ நகர நீதிபதி ஓஓகா பேர்ல ஒரு கதை உண்டு, நம்ம மரியாதை ராமன் கதை மாதிரி. ஒருத்தன் மூணு பொற்காசு இருக்கிற பையைக் கண்டெடுத்துச் சொந்தக்காரனிடம் கொண்டு போறான். அவனோ, தொலைஞ்சது தொலைஞ்சதுதான், நீயே வச்சுக்கோங்கிறான். ரெண்டு பேருக்கும் அடிதடி ஆகி வழக்கு வருது. ஓஓகா தன் கையிலிருந்து ஒரு காசு போட்டு நாலாக்கி, ஆளுக்கு ரெண்டா கொடுத்து, மூணு பேருக்கும் ஒரு காசு நஷ்டம், போங்கடான்னு அனுப்பிடுறார். நடந்ததா தெரியாது, கதைதான். ஆனா பணம் வேண்டாம்னு அடிச்சுக்கிற ரெண்டு பேரைப் பார்த்துச் சிரிக்கிற ஊர்லதான் பாதிப் பங்குச் சட்டமும் தேவைப்பட்டிருக்கு.

1899ல் நவீன தொலைந்த பொருள் சட்டம் வந்தது. எடுத்துக் கொடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி. கெடுவுக்குள்ள சொந்தக்காரர் வரலைன்னா பொருள் எடுத்தவருக்கு. அந்தக் கெடு முதலில் ஒரு வருஷம், 1958ல் ஆறு மாசம், 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி மூணு மாசம். போன், கிரெடிட் கார்டு மாதிரி சொந்த விவரம் உள்ளதை மட்டும் எடுத்தவர் வச்சுக்க முடியாது.

ஆறு மாசக் கெடு இருந்தப்போ, 1980 ஏப்ரலில் கின்சாவில் ஒரு லாரி டிரைவர் சாலையோரம் துணி மூட்டை ஒண்ணைப் பார்த்து எடுத்தார். உள்ளே 10 கோடி யென் ரொக்கம். போலீசில் கொடுத்தார். கடைசி வரை யாரும் சொந்தம் கொண்டாடி வரலை, என்ன பணமோ! நவம்பரில் மொத்தமும் அவருக்கே, வரி போக. ஆனா அந்த மாசங்களில் மனுஷனை மிரட்டல் போன்களும் பத்திரிகைக்காரர்களும் படுத்தின பாட்டில் வேலையை விட்டுட்டார். நேர்மைக்குப் பரிசு கிடைச்ச கதையா இதைச் சொல்றவங்க அந்தப் பகுதியைச் சொல்றதில்லை.

நம்ம சட்டத்தையும் பார்த்தேன், சும்மா இருப்பானேன்னு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 168. பொருளைக் கண்டெடுத்து, காப்பாத்தி, சொந்தக்காரரைத் தேடி அலைஞ்ச செலவுக்காக வழக்குப் போட உங்களுக்கு உரிமை கிடையாது. அவர் கொடுக்கிற வரைக்கும் பொருளைத் தராம வச்சுக்கலாம், அவ்வளவுதான். வெகுமதி அறிவிச்சிருந்தா மட்டும் வழக்குப் போடலாம். அதாவது கண்டெடுத்தவரும் தொலைச்சவரும் நேருக்கு நேர் மல்லுக்கட்டணும். நடுவுல ஒரு தெருமுனை பூத்தும் இல்லை, சிரிச்சுக்கிட்டே ஃபார்ம் நீட்டுற ஆளும் இல்லை. எங்க ஊர்ல கீழே கிடக்கிற காசை எடுத்தா கோயில் உண்டியல்ல போடச் சொல்வாங்க. வச்சுக்கக் கூடாதுங்கிற மனசு இருக்கு, திருப்பிக் கொடுக்கிற வழிதான் இல்லை, அதனால சாமி கணக்குல எழுதிடறோம்.

2003ல் வெளியான ஆய்வுக்காக மார்க் வெஸ்ட் என்கிற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ரெண்டு ஊர்லயும் வேணும்னே பர்ஸ்களைத் தொலைச்சுப் பார்த்தார். டோக்கியோவில் பெரும்பாலானவை திரும்பி வந்தன, நியூயார்க்கில் பாதிகூட வரலை. அவரும் ரத்தத்தைக் கைகாட்டலை. சட்டத்தையும் பூத்தையும் பழக்கத்தையும்தான் சொன்னார். 2011 சுனாமிக்குப் பிறகு இடிபாடுகளில் கிடைச்ச 5,700 இரும்புப் பெட்டிகள் போலீசுக்கு வந்து சேர்ந்தன. அதே சமயம் ஆளில்லாம காலியான ஃபுகுஷிமா ஊர்களில் ஏடிஎம்களை உடைச்சவங்களும் ஜப்பான்காரங்கதான்.

இப்போ குடைக்கு வரேன். 2018ல் டோக்கியோ போலீசுக்கு வந்து சேர்ந்த தொலைந்த பொருட்கள் 41 லட்சத்துக்கு மேல. ரொக்கம் மட்டுமே 380 கோடி யென்னுக்கு மேல, அதுல முக்கால்வாசி சொந்தக்காரருக்கே போச்சு. குடைகள் 3 லட்சத்துக்கு மேல. அதுல சொந்தக்காரர் கைக்குத் திரும்பினது 1 சதவீதம் அளவுக்குத்தான். எல்லாரிடமும் அதே பிளாஸ்டிக் குடை. பேர் இல்லை, விலாசம் இல்லை, ஃபார்ம் எழுதுற நேரத்துக்கு வேற வாங்கிடலாம். கடை வாசலில் இருக்கிற குடைத் தொட்டியில் யார் குடையை யார் எடுத்தாங்கன்னு கணக்கே கிடையாது. பர்ஸைத் தொடாத கைதான் அங்கே குடையை எடுக்குது.

எடுத்துச்சு. என் குடையை. பை திரும்பி வந்த அடுத்த மாசம், கொட்டுற மழையில் கடையிலிருந்து வெளியே வந்து பார்த்தா தொட்டியில் என் குடை இல்லை. அதே மாதிரி வேற நாலு இருந்தது. ரெண்டு நிமிஷம் நின்னேன். அப்புறம் ஒண்ணை உருவிக்கிட்டு வந்துட்டேன்.

மறுநாள் திருப்பி வைக்கப் போனேன். வெயில் அடிச்சுது, தொட்டியையே உள்ளே எடுத்து வச்சுட்டாங்க. கோபன் வாசல் வரைக்கும் போனேன். அதே போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கே கிடைச்சதுன்னு முதல் கேள்வி வருமே, என்னன்னு சொல்றது? குங்குமத்துக்கு அபிநயம் பிடிச்ச மாதிரி இதுக்கு முடியாது. திரும்பி வந்துட்டேன். ஊருக்கு வரும்போது பெட்டியில் குறுக்கே வச்சுக் கொண்டு வந்தேன், கதவுக்குப் பின்னால ரொம்ப நாளா தொங்கிச்சு.

போன மழைக்கு என் தம்பி அதை எடுத்துட்டுப் போய், டீக்கடையில் மறந்து வச்சுட்டு வந்துட்டான். போய்க் கேட்டதுக்கு, அப்படி எதுவும் இங்கே இல்லையே தம்பின்னாராம் டீ மாஸ்டர்.