தங்கவயலின் உடல்வலியும் ஜவ்வாது மலைக் கஞ்சாவும்

ஃபைப்ரோமயால்ஜியா என்பது எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் பிடிபடாத, நாள்பட்ட உடல்வலி நோய். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கைகால் என வலி உடல் முழுக்கப் பரவி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். இரவெல்லாம் படுத்திருந்தாலும் காலையில் அடித்துப் போட்டது போன்ற அசதி இருக்கும். கவனம் சிதறும், ஞாபகம் தடுமாறும். தசையோ மூட்டோ அழிவதில்லை. வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் அதை உணரும் மூளையும் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவதே இதன் அடிப்படை என்று இன்றைய மருத்துவம் கருதுகிறது. கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்துகள் இந்த வலிக்கு உதவுமா என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. உடல்வலிக்குக் கஞ்சாவை அளந்து கொடுத்து, விளைவை மணிக்கணக்காகக் குறித்துவைத்த நவீன மருத்துவத்தின் முதல் சோதனைகளில் ஒன்று நடந்த நாடு இந்தியா. அரசுக் கண்காணிப்பில் அந்தச் செடி பயிரான இடங்களில் ஒன்று வட ஆர்க்காடு. கோலார் தங்கவயலுக்குத் தொழிலாளர்களை அனுப்பிய மாவட்டங்களில் ஒன்றும் அதுதான்.

தங்கவயலில் தெற்கிலிருந்து வடக்காக மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று ஐந்து பெரிய சுரங்கங்கள் வரிசையாக அமைந்தன. இப்பகுதியின் தங்கத்தைப் பற்றி 1802இல் ஜான் வாரன் என்ற நில அளவை அதிகாரி விசாரித்து எழுதினார். 1870களில் மைக்கேல் லவெல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்த பிறகே வயல் வயலாயிற்று. நிலமின்மையும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்த, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தட்டி வைத்து மண் பூசிய, குனிந்து நுழைய வேண்டிய லைன் வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள்.

வேலை உடலை எப்படிப் பிழிந்தது என்பதற்குச் சுரங்கத்தின் அமைப்பே சாட்சி. தங்கம் கலந்த பாறை மெல்லிய அடுக்காகச் சரிந்து பூமிக்குள் இறங்கியது. அந்த அடுக்கைத் தொடர்ந்து போனவர்கள் குனிந்தும் மண்டியிட்டும் மல்லாந்தும் பாறையைத் துளைத்தார்கள். துளைக்கும் எந்திரத்தின் அதிர்வு கையில் ஏறித் தோளில் இறங்கியது. ஆழம் கூடக்கூடப் பாறையே கொதித்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ‘ஏர் பிளாஸ்ட்’ என்று தொழிலாளர்கள் அஞ்சிய பாறைவெடிப்பு எந்த நேரமும் வரலாம் என்ற பதற்றத்தோடு ஷிப்டு முழுவதும் கழியும். உடல் உழைப்பு, தூக்கக் குறைவு, தீராத மன அழுத்தம் ஆகியவை நாள்பட்ட வலியை மோசமாக்கும் என்று இன்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. மூன்றும் சுரங்கத்தில் ஒன்றாக இருந்தன.

இந்த வகை வலிக்கு அக்கால மருத்துவம் ஒரு பெயர் வைத்திருந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1904இல் இடுப்புவலி குறித்து ஆற்றிய உரையில் ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். தசை நார்களில் அழற்சி இருக்கும் என்பது அவர் அனுமானம். அப்படி ஓர் அழற்சி பின்னர் காணப்படவில்லை. ஆனால் பெயர் எழுபது ஆண்டுகள் நிலைத்தது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கெல்கிரன், லாரன்ஸ் இருவரும் 1952இல் தொழிலாளர்களின் வாதநோய் பற்றி விரிவான ஆய்வுகளை வெளியிட்டார்கள். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களிடம் நுரையீரல் தூசுநோயும் முடக்குவாதமும் சேர்ந்து வருவதை 1953இல் கப்லான் விவரித்தார்.

தங்கவயலில் மருத்துவர்களின் கவனம் முதலில் நுரையீரலின் மீது விழுந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. இந்தியாவில் சிலிக்கா தூசால் வரும் சிலிக்கோசிஸ் நோய் முதலில் இனங்காணப்பட்டது 1934இல், இதே வயலில்தான். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே அதை மறுக்க முடியவில்லை. நஷ்ட ஈட்டு விதிகள் வந்தன. படத்தில் தெரியாத முதுகுவலிக்கும் உடல்வலிக்கும் அப்படி எந்த விதியும் வரவில்லை. தங்கவயல் வலிகள் எல்லாம் ஃபைப்ரோமயால்ஜியா அல்ல; தேய்ந்த முதுகெலும்பும் முடக்குவாதமும் பழைய காயங்களும் அவற்றில் கலந்திருக்கும். எது எது என்று பிரித்தறிய அன்று கருவியும் இல்லை, அக்கறையும் இல்லை.

மருந்தின் கதை சுரங்கத்தைவிடப் பழையது. சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி என்று பெயர். ஆயுர்வேதத்தில் விஜயா என்ற பெயரில் அது இடம்பெற்றது. இரண்டிலும் செடியை அப்படியே கொடுப்பதில்லை. சுத்தி முறைப்படி நச்சுத்தன்மையைத் தணித்து, வேறு சரக்குகளோடு சேர்த்தே கொடுப்பது வழக்கம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் வைட்லா எய்ன்ஸ்லி, 1813இல் சென்னையில் அச்சிட்ட இந்திய மருந்துப்பொருள் நூலில் நாட்டு வைத்தியர்கள் கையாண்ட சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்தார்.

கஞ்சாவை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ப்ரூக் ஓஷாக்னசி. நாட்டு வைத்தியர்களிடம் விசாரித்தார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பிறகு மனிதர்களுக்கு வந்தார். 1838 நவம்பர் 6 பிற்பகல் 2 மணிக்கு, வாதவலியால் அவதிப்பட்ட மூன்று நோயாளிகளுக்குத் தலா ஒரு கிரெயின், அதாவது சுமார் 65 மில்லிகிராம், கஞ்சாப் பிசினைக் கரைத்துக் கொடுத்தார். 4 மணிக்கு அவர்களில் ஒருவர் ஓயாமல் பேசினார், பாடினார், சாப்பாடு கேட்டார். 6 மணிக்குத் தூங்கிவிட்டார். இரவு 8 மணிக்கு நினைவில்லாமல் கிடந்தார். கையைத் தூக்கி எந்த நிலையில் விட்டாலும் அது அப்படியே நின்றது. மருத்துவமனையே பதறிப்போயிற்று. மறுநாள் அவர் தெளிந்து எழுந்தார். இன்னொருவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. விசாரித்தபோது, அவர் ஏற்கெனவே கஞ்சா பழகியவர் என்று தெரிந்தது. ஒரே அளவு ஒருவரைச் சாய்த்தது, இன்னொருவரைத் தொடவில்லை. கஞ்சா மருந்தின் மையச் சிக்கல் முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது. ஓஷாக்னசி அளவைக் குறைத்துக்கொண்டு சோதனையைத் தொடர்ந்தார். அவர் கட்டுரை 1839இல் வந்தது.

அவர் லண்டனுக்குக் கொண்டுபோன சரக்கிலிருந்து பீட்டர் ஸ்கொயர் என்ற மருந்தாளுநர் சாறு தயாரித்தார். பிரிட்டிஷ் மருந்து நூலிலும், 1868இல் எட்வர்ட் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலிலும் அது இடம்பெற்றது. விக்டோரியா மகாராணியின் மருத்துவர் ரஸ்ஸல் ரெய்னால்ட்ஸ் 1890இல் லான்செட் இதழில், நரம்புவலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கஞ்சா பயனுள்ளது என்று முப்பது ஆண்டு அனுபவத்தை வைத்து எழுதினார். பின்னாளில் ஃபைப்ரோசைட்டிஸுக்குப் பெயர் வைத்த கவர்ஸும் ஒற்றைத் தலைவலிக்கு இந்தியக் கஞ்சாவைப் பரிந்துரைத்தவர்.

தங்கவயல் முழுவீச்சில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் கஞ்சாவைப் பற்றிய மிகப்பெரிய விசாரணையும் இந்தியாவில் நடந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து 1893இல் மாக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1,193 சாட்சிகளைக் கேட்டு 1894இல் அது அறிக்கை கொடுத்தது. மிதமான உபயோகத்தால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை, அளவுமீறினால் தீங்கு உண்டு, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது அதன் முடிவு. கடும் உழைப்பாளிகள் அசதி தீர இதைச் சிறிதளவு பயன்படுத்துவதையும், வைத்தியர்கள் மருந்தாகத் தருவதையும் குழு பதிவு செய்தது.

இதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாணத்தில் கஞ்சா சாகுபடி இரண்டு இடங்களுக்குச் சுருக்கப்பட்டது. ஒன்று குண்டூர்ப் பக்கத்துத் தக்குபாடு. மற்றது வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலைப் பகுதி. அங்கே விளைந்தது சந்தவாசல் அரசுக் கிடங்கில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து வரி கட்டி உரிமக் கடைகளுக்குப் போகும். மைசூர் சமஸ்தானத்திலும் கஞ்சா கலால் சரக்காகவே இருந்தது. இன்று போலீஸ் வழக்குச் செய்திகளில் மட்டுமே கஞ்சாவைப் படிப்பவர்களுக்கு, அது நெல்லையும் உப்பையும் போல அரசுக் கணக்கேட்டில் ஏறிய விளைபொருள் என்பது நம்பக் கடினமாக இருக்கும்.

மருந்து நூல்களிலிருந்து கஞ்சா வெளியேறியதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. அது தண்ணீரில் கரையாது; ஊசியில் ஏற்ற முடியாது. மார்ஃபின் ஊசியில் ஏறியது. 1899இல் ஆஸ்பிரின் வந்தது. கப்பலில் போன கஞ்சா வீரியம் இழந்தது. ஒரு புட்டிச் சாறு போல மறு புட்டி இருக்கவில்லை. எதை அளப்பது என்றே தெரியாதபோது மருத்துவர்கள் அளந்து கொடுக்கக்கூடியதை நாடினார்கள். 1925 ஜெனீவா ஒப்பந்தம் கஞ்சாவைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 1932இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்தும், 1942இல் அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. 1961இல் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை வந்தது. இந்தியா தன் பழைய வழக்கங்களுக்கு அவகாசம் கேட்டு வாங்கியது. அதன் முடிவாக 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. பூவும் காயும் கொண்ட நுனிப் பகுதிதான் அச்சட்டத்தின்படி கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. இலையிலிருந்து செய்யும் பாங்கு அச்சட்டத்துக்குள் வராது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு ஜாமீன் வழக்கில் கூறியது.

செடி ஒதுக்கப்பட்ட காலத்தில்தான் அதன் வேதியியல் விளங்கியது. 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் டிஎச்சி என்ற போதைதரும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1988இல் தெரிந்தது. உடலே அதையொத்த பொருளைச் சுரக்கிறது என்பது 1992இல் உறுதியானது. வலி உணர்வைக் கூட்டிக் குறைக்கும் பாதைகளில் இந்த அமைப்பு வேலை செய்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் 1976இல் வந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி, உடலின் 18 புள்ளிகளில் 11இல் அழுத்தினால் வலிக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்தது. 2010இல் அந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட்டு வலியின் பரவலையும் தூக்கம், அசதி போன்ற அறிகுறிகளின் கடுமையையும் மதிப்பிடும் முறைக்கு மாறியது.

இரண்டையும் இணைத்துப் பார்த்த சோதனைகள் சிறியவை. கனடாவில் 2008இல் 40 பேருக்கு நாபிலோன் என்ற செயற்கை மருந்தை நான்கு வாரம் கொடுத்தபோது வலி குறைந்தது. நெதர்லாந்தின் லைடனில் 2019இல் 20 பெண்களுக்கு வெவ்வேறு வகைக் கஞ்சா ஆவியை ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தினால் எழும் வலி டிஎச்சி உள்ள வகைகளில் குறைந்தது. தானாக எழும் வலியில் போலி மருந்தோடு ஒப்பிட்டால் தெளிவான வித்தியாசம் இல்லை. பிரேசிலில் 2020இல் 17 பெண்களுக்கு எட்டு வாரம் டிஎச்சி மிகுந்த எண்ணெய் கொடுத்ததில் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது. 2016இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, நம்பத்தக்க ஆதாரம் போதவில்லை என்றது. பொதுவான வலிக்குக் கஞ்சாவைப் பரிந்துரைக்க இயலாது என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021இல் அறிவித்தது. இருபது பேர், நாற்பது பேர் கணக்கில் ஒரு நோய்க்கு மருந்து முடிவாகாது. அதேபோல அந்தக் கணக்கை வைத்து மருந்து பயனற்றது என்று தள்ளவும் முடியாது.

2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயலை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வேலை போனவர்களின் பிள்ளைகள் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியலில் ரயிலேறி, இரவில் திரும்புகிறார்கள். பாலகாட்டில் இருப்பவருக்கு உடலெங்கும் வலி என்றால் இன்று உள்ள வழி என்ன? முதலில் முடக்குவாதம், தைராய்டு, வைட்டமின் டி குறைவு ஆகியவை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஃபைப்ரோமயால்ஜியாதான் என்றால், 2017இல் ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு வலுவாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. தேவைப்பட்டால் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபலின் போன்ற மாத்திரைகள் உண்டு. அவை இங்கே எளிதில் கிடைப்பவை.

மருந்துக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் கஞ்சாவைக் கையாள 1985 சட்டம் வழி விட்டிருக்கிறது. அந்த வழியில் ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் மருந்துக்கான கஞ்சாவைப் பயிரிடுகிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் நச்சுச் சரக்குப் பட்டியலின் கீழ், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டியதாக அது இடம்பெறுகிறது. பட்டியலில் இருப்பதாலேயே அது ஃபைப்ரோமயால்ஜியாவைத் தணிக்கும் என்று ஆகிவிடாது. தெருவில் கிடைக்கும் பொட்டலத்தில் டிஎச்சி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதை வைத்திருப்பது சிறைக்குரிய குற்றம். சிலிக்கா தூசு படிந்த நுரையீரல் உள்ள முன்னாள் சுரங்கத் தொழிலாளி அதைப் புகைப்பது இருக்கும் மூச்சையும் குறைக்கும். மயக்கம், தலைசுற்றல், பழக்கத்துக்கு அடிமையாதல், மனநோய் தூண்டப்படுதல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

ஓஷாக்னசி கல்கத்தாவில் தொடங்கியதை முடிக்க வேண்டிய கடமை இந்திய மருத்துவத்துக்கு இருக்கிறது. அளவு நிர்ணயித்த மருந்து, போதுமான நோயாளிகள், போலி மருந்தோடு ஒப்பீடு, ஆறு மாதமாவது கண்காணிப்பு ஆகியவற்றோடு அரசு மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடக்க வேண்டும். உழைத்து வலி சேர்த்துக்கொண்ட தங்கவயல் போன்ற ஊர்களின் மக்களும் அதில் இடம்பெற வேண்டும். அந்த முடிவு வரும்வரை, கஞ்சா ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து அல்ல.