மேற்சுமை

மரங்கள், பாசி படர்ந்த சதுப்பு, அதற்கடியில் மண். கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்துச் சுரங்கக்காரர்களின் அகராதியில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: ஓவர்பர்டன், மேற்சுமை. யார் தலைமேல் இருந்த சுமையாம்? கீழே கிடக்கிற தார்மணலின் தலைமேல். காட்டைச் சுமை என்று அழைத்துவிட்டால் அதை இறக்குவது ஒத்தாசை மாதிரி ஆகிவிடுகிறது.

அத்தபாஸ்கா ஆற்றங்கரையில் கசிந்த தாரை மரப்பிசினோடு காய்ச்சிப் படகுகளுக்குப் பூசி வந்தவர்கள் அப்பகுதியின் பூர்வகுடிகள். அவர்களுக்கு அது புழங்குபொருள், சரக்கல்ல. 1899இல் எட்டாம் எண் ஒப்பந்தம் வந்தது. வேட்டையும் மீன்பிடிப்பும் உங்களுக்கே என்றது. கூடவே, சுரங்கம், குடியேற்றம் போன்றவற்றுக்காக அரசு அவ்வப்போது எடுத்துக்கொள்ளும் நிலம் நீங்கலாக என்றும் சொன்னது. பிறகு நடந்த வரலாறு முழுக்க அந்த 'நீங்கலாக'வுக்குள்தான் நடந்தது.

1920களில் கார்ல் கிளார்க் பண்படுத்திய முறை எளிமையானது. வெந்நீரும் காரமும் சேர்த்துக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், பிட்டுமன் நுரையோடு மேலே வரும். கிளார்க் 1966இல் இறந்தார்; முதல் பெரிய வணிக ஆலை 1967இல் திறந்தது. ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் இரண்டு டன் மணல். மிஞ்சும் நச்சுக் கழிவுநீருக்கும் ஒரு குளிர்ந்த பெயர் உண்டு: குளம். 2008 ஏப்ரலில் சின்க்ரூட் நிறுவனத்தின் கழிவுக்குளத்தில் இறங்கிய 1,600 வாத்துகள் செத்துப்போயின. வாத்துக்குச் சொல்லாடல் தெரியாது, பாவம்.

தோண்டி எடுக்க முடியாத ஆழத்திலிருக்கும் மணலை உருக்கிவிட, பூமிக்கடியில் அணுகுண்டு வெடிக்கலாம் என்று 1950களின் இறுதியில் ஒரு அமெரிக்கக் கம்பெனி சொன்னது. கிறுக்குத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அரசுகள் அதை உட்கார்ந்து பரிசீலித்தன. 'கொப்பரை' என்றிருந்த திட்டத்தின் பெயர் கொஞ்சம் பயங்கரமாகத் தொனித்ததால் 'எண்ணெய்மணல்' என்று மாற்றினார்கள். திட்டம் செத்தது, பெயர் பிழைத்துக்கொண்டது. இன்று அங்கே தார்மணல் என்பவர் எதிர்ப்பாளர், எண்ணெய்மணல் என்பவர் அனுதாபி. பிட்டுமன் தாரும் இல்லை, நேராக எண்ணெயும் இல்லை என்பது வேதியியல்காரர்களின் கவலை.

ஆற்றின் கீழ்ப்பக்கம் ஃபோர்ட் சிப்பேவியான் என்ற ஊர் இருக்கிறது. 2022 மே மாதம் இம்பீரியல் ஆயிலின் கியர்ல் சுரங்கத்தருகே நிறம் மாறிய நீர் தென்பட்டது. அவ்வளவுதான் முதலில் சொல்லப்பட்டது. அது கழிவுக்குளத்தின் கசிவு என்பது, வேறொரு பெருங்கசிவும் நடந்தபின், 2023 பிப்ரவரியில்தான் ஊருக்குத் தெரிந்தது. இடைப்பட்ட ஒன்பது மாதமும் அவர்கள் அந்தப் பகுதியில் வேட்டையாடிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள், 1899இல் எழுதிக்கொடுத்தபடியே.