கையகலத் துணி

சேவூரில் என் சிநேகிதர் மகன் ஒருவன் எம்பிராய்டரி மெஷின் இரண்டு வைத்துப் பிழைக்கிறான். திருப்பூர்க் கம்பெனிகளுக்குப் பனியன் மேல் பூப் போட்டுக் கொடுக்கும் வேலை. சென்ற மாதம் போயிருந்தபோது நைந்துபோன துணித் துண்டு ஒன்றை நீட்டினான். மேலே அசோகச் சிங்கம்; கீழே நாகரி எழுத்தில் ஒரு வரி.

"ஏனுங்க மாமா, இது எந்தக் கம்பெனி லேபிளுங்க? ரிட்டயரான பெரியவர் ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணு வேணும்னு குடுத்துட்டுப் போனாருங்க."

"பழைய கம்பெனிதான் கண்ணு. ஒரு தடவை மூடித் திறந்த கம்பெனி" என்றேன்.

அது இந்திய விமானப் படையின் 18-வது ஸ்குவாட்ரனின் சின்னம். 'தீவ்ர ஔர் நிர்பய' என்பது அந்த வரி. வேகம், அஞ்சாமை என்று தமிழில் சொல்லலாம். 'பறக்கும் தோட்டாக்கள்' என்று செல்லப் பெயரும் உண்டு.

1965 ஏப்ரல் 15-இல் பிறந்த படை இது. 1971 யுத்தத்தில் அதன் நாட் விமானங்கள் ஸ்ரீநகரில் இருந்தன. நாட் என்பது மிகச் சின்ன விமானம். பக்கத்தில் நின்றால் பொம்மையோ என்று தோன்றும். டிசம்பர் 14-ஆம் தேதி ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் விமான தளத்தைத் தாக்கின. ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன் மேலே கிளம்பினார். இருந்த இடத்திலேயே பதுங்கியிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்றைச் சுட்டார், இன்னொன்றையும் சுட்டார். பிறகு நாலு பேர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மலைப் பள்ளத்தில் விமானம் விழுந்தது, உடல் கிடைக்கவில்லை. விமானப் படைக்குக் கிடைத்த ஒரே பரம வீர் சக்கரம் அவருடையது.

அப்புறம் நாட் போயிற்று, மிக் வந்தது. 2015 நவம்பரில் படைக்கு ஜனாதிபதியின் கொடி வழங்கப்பட்டது. ஐந்தே மாதத்தில், 2016 ஏப்ரல் 15 அன்று, பிறந்த நாளிலேயே, படை கலைக்கப்பட்டது! விமானங்களுக்கு வயதாகிவிட்டது. ஆட்கள் கலைந்தார்கள். எண்ணையும் சின்னத்தையும் மட்டும் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி வைப்பது விமானப் படை வழக்கம். அது விவேகமான வழக்கம் என்றே எனக்குப் படுகிறது. கல்லறையில்லாத மனிதரை வேறு எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

2020 ஏப்ரல் 1-இல் அந்த எண் மறுபடி உயிர் பெற்றது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் சூலூரில்! மே 27-இல் பெங்களூரில் செய்த தேஜஸ் விமானங்களோடு பணியில் இறங்கியது. ஊரடங்கில் தறியும் தையலும் ஓய்ந்திருந்த நாட்கள் அவை.

சூலூர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1942 ஆகஸ்ட் 26 இரவு, வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகப் போட்ட அந்த விமான தளத்துக்கு நம் ஜனங்கள் தீ வைத்தார்கள். சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கும் அஞ்சாமை இருந்தது. தோளில் தைத்துக்கொள்ளத்தான் எதுவுமில்லை.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்து நூல் நிறம் பார்த்தான்.

"பழசை வீசிடாதே, ரெண்டையும் சேர்த்துக் குடுன்னு பெரியவர் ரெண்டு தரம் சொன்னாருங்க மாமா. எதுக்குன்னு அப்பப் புரியலீங்க."

கூலி எவ்வளவு பேசினாய் என்று கேட்டேன். இன்னும் பேசவில்லை என்றான்.